இருபத்தேழு அடி நாலங்குலம்

பொதுநோக்கு மண்டபத்தில் அன்றைக்குக் கரண்ட் நின்றுபிடித்தது.
சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில்
முப்பது வருசத்துக் குளம்
நீலக் கோடாக ஏறி இறங்கிற்று.
மேலால் சிவப்பில், அடுத்த இருபது வருசத்துக்கான விதி:
எந்த மாதம் எத்தனை அடி மறிப்பது,
எத்தனையில் வான்கதவைத் தூக்குவது,
கீழே உள்ள இரண்டு குளத்துக்கும்
எந்தக் கிழமை எவ்வளவு விடுவது.
ஆறு ஒன்று.
கையெழுத்து வைக்க மூன்று மாவட்டம்.

நீலம் ஓரிடத்தில் அறுந்து கிடந்தது.
"அந்த வருசங்களுக்குத் தரவு இல்லை" என்றார்
பொறியியலாளர் நகுலாம்பிகை.
மண்டபத்தில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.
காற்றாடி மட்டும் சுற்றியது.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
என் துண்டு பத்தொன்பது.

அந்தோனிமுத்து சொன்னார்,
"ஆறடிக்குக் கீழே இறக்காதேங்கோ,
வலையில சேறுதான் வருகுது,
சேற்றை ஆர் கிலோக் கணக்கில வாங்குவினம்?"
கடைவாய்க்கால்காரர் சொன்னார்கள்,
போன சிறுபோகத் தண்ணீர்
தங்களுக்குக் கடுதாசியில் மட்டும்தான் வந்ததென்று.
ஒரு நகரத்தின் தாகத்தைக் கோப்பில் கட்டிக்கொண்டு
வடக்கே இருந்து வந்தவர் மெல்லிய குரலில் பேசினார்.
எல்லாரும் சேர்ந்து அவரைக் கத்தினார்கள்.
கத்தி முடிய
ஒருவர் சோடா உடைத்து அவர் கையில் கொடுத்தார்.

இராசமலர் எழும்பினா.
"சாமத்தில கதவைத் தூக்கினியள்.
ஒரு மணி அடிச்சிருக்கலாம்.
நாலேக்கர் குடலைப் பயிர்,
தண்ணி இறைக்கிற மிசின்,
கயிறு அவிழ்க்க நேரமில்லாமல் போன ரெண்டு மாடு.
உங்கட விதியில
எத்தினையாம் பந்தியில வருகுது என்ர மாடு?"
மூன்று நிமிடத்தில் அரைவாசியைப்
பேசாமல் நின்றே முடித்தா.

பிறகு பொறியியலாளரின் சிவப்பு வெளிச்சப் பொட்டு
கோட்டில் ஊர்ந்து
எல்லாவற்றிலும் உயர்ந்த முனையில் ஏறி நின்றது.
"இந்த உச்சத்தை வைத்துத்தான்
கதவு தூக்கும் மட்டத்தைக் கணித்தோம்."

அது எனக்குத் தெரிந்த முனை.

பதினொரு வருசம் துருசடியில்
அளவுகோல் பார்க்கிறவன் நான்.
அந்த மார்கழி இரவு
ரோச்சில் பற்றரி இறங்கிவிட்டது.
கட்டில் யானை நின்றது, அல்லது
யானை மாதிரி இருட்டு நின்றது.
காவல் கொட்டிலுக்குள் இருந்தபடியே எழுதினேன்:
இருபத்தேழு அடி நாலங்குலம்.
நாலங்குலம் ஏன் என்றால்
வெறும் இருபத்தேழு
பொய் மாதிரித் தெரியும்.

"பத்தொன்பது."

தொண்டையைச் செருமினேன்.
"அந்தப் புள்ளி தண்ணியில்லை, அம்மா.
அது நான்."

கொழும்பிலிருந்து வந்தவருக்கு
மொழிபெயர்ப்பாளர் அதை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.
ஒரு புள்ளிதானே, கோடு மாறாது என்றார் அவர்.
நகுலாம்பிகை பேனையை மூடி வைத்தா.
"கூடவா, குறையவா?"
"தெரியாது."
"ஒரு அடி? இரண்டடி?"
"தெரியாது, அம்மா."
இன்னும் ஒரு நிமிடம் நாற்பது செக்கன் கிடந்தது.
அவ்வளவு நேரமும் இராசமலர்
கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"உங்கட பரிந்துரை என்ன?" என்றார் தலைவர்.
"அளவுகோலடியில்
ஒரு பல்பு."
ஆரோ சிரித்தார்கள்.
குறிப்பெடுத்த பிள்ளை சிரிக்கவில்லை,
"எத்தினை வோற்ஸ்?" என்று கேட்டு
எழுதிக்கொண்டாள்.

இருபது, இருபத்தொன்று என்று கூட்டம் போயிற்று.

வெளியே சைக்கிளைத் திறக்கும்போது
பின்னால் இராசமலரின் குரல்.
ஏச்சுக்குத் தலையைக் குனிந்தேன்.
"என்ர வீட்டுச் சுவரில
அண்டைய சேத்துக்கோடு இருக்கு.
இன்னும் வெள்ளையடிக்கேல்ல.
நாடா கொண்டு வந்து
அளந்து எழுதுங்கோ.
பகலில வாங்கோ."